ஏழாம் கேள்வியை எழுதியவர்

"சார், ஏழாவது கேள்விக்கு ஸ்பார்ட்டாதானே?"

அரியலூர்க் கிளையிலிருந்து வெற்றிச்செல்வி டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இந்த ஒரு வரியை, பெரம்பலூர்க் கிளையின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு மணிவண்ணன் நான்கு முறை படித்தார். நான்காவது முறை படித்ததும் தயிர்சாத டப்பாவை மூடிவைத்தார்.

செங்காந்தள் மெட்ரிக் பள்ளிக்குப் பெரம்பலூரில் ஒன்று, அரியலூரில் ஒன்று என இரண்டு கிளைகள். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். அதை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது பள்ளியின் கண்டிப்பான விதி. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் தாளை எழுதியவர் மணிவண்ணன்தான்.

அவசரமாகக் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். 'படையெடுத்து வந்த பாரசீகரை முறியடித்த கிரேக்க நகர அரசு எது? அ) ஏதென்ஸ் ஆ) ஸ்பார்ட்டா இ) கொரிந்து ஈ) தீப்ஸ்.'

அவர் எழுத நினைத்தது 'மாரத்தான் போரில்' என்ற இரண்டு வார்த்தைகளோடு. அந்த இரண்டு வார்த்தைகள் இருந்தால் விடை ஏதென்ஸ். ஒருவரும் வாய் திறக்க முடியாது. அன்றைக்கு மகளை ஸ்பெஷல் கிளாஸிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று ஓடிய ஓட்டத்தில் அந்த இரண்டு வார்த்தைகளையும் விட்டுவிட்டார்.

உண்மையைச் சொன்னால், "அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்பார்கள். சொல்லாவிட்டாலோ பதிலுக்குக் காத்திருப்பார்கள். ஒரு பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பிவைத்தார். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

வெற்றிச்செல்வி அதை ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் அரியலூரில் ஸ்பார்ட்டா எழுதிய எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் விழுந்தது. அதே நேரம் பெரம்பலூரில், பக்கத்து மேசையில், ஜோதி டீச்சர் ஏதென்ஸ் எழுதியவர்களுக்கு மதிப்பெண் போட்டு, கட்டைக் கட்டி முடித்திருந்தார்.

இது இத்தோடு போயிருக்கும். ஆனால் இரண்டு கிளைக்கும் சேர்த்து முதலிடம் வந்தவரின் படத்தைப் பெரிய பிளெக்ஸில் அடித்து நாலு ரோட்டில் வைப்பது வழக்கம். பெரம்பலூரில் முதலில் வந்த பெண் எழுதியது ஏதென்ஸ். அரியலூரில் முதலில் வந்த ரஞ்சித்குமார் எழுதியது ஸ்பார்ட்டா. அந்த ஒரு மதிப்பெண் யாருக்கு உண்டோ அவர்தான் பிளெக்ஸில்.

மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது.

"சலாமிஸ் கடல் போர்ல நூத்தியெம்பது கப்பல் எங்களுது. உங்களுது வெறும் பதினாறு," என்றார் ஜோதி டீச்சர். ஆள் பற்றாமல் சமூக அறிவியல் தாளைத் திருத்தவந்த கணக்கு டீச்சர். போன வாரம்வரை சலாமிஸ் என்ற பெயரைக் கேட்டதே இல்லை.

"கப்பல எண்ணி என்ன டீச்சர் பண்றது? மொத்தப் படைக்கும் தலைமை யாரு? கடைசியா பிளாட்டியாவுல நின்னு பாரசீகன வெரட்டினது யாரு? எங்க ஆளுங்கதான்," என்றாள் வெற்றிச்செல்வி.

மணிவண்ணன் ஒவ்வொரு செய்தியையும் படித்தார். இந்தச் சண்டை முற்றினால் கேள்வியை எழுதியவன் யார் என்று தேடுவார்கள். முற்றாமல் தடுக்க வேண்டும். யோசித்து யோசித்து, மிகப் பணிவாக ஒரு வரி போட்டார்:

"ரெண்டு ஊரும் சேந்துதானே எதிர்த்துச்சு? ரெண்டுக்குமே மார்க் குடுத்துடலாமே."

எல்லாரும் அமைதியானார்கள். இரண்டு பிள்ளைகளின் படத்தையும் ஒரே பிளெக்ஸில் போடுவது என்று முடிவாயிற்று. அன்று மாலை ஒரு வாரத்துக்குப் பிறகு மணிவண்ணன் டீயை ருசித்துக் குடித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலில் கறுப்புக் கோட்டோடு ஒருவர் வந்து இறங்கினார். தமிழ்மாறன், வக்கீல். கையில் மகளின் விடைத்தாள். கூடவே எங்கிருந்தோ பிரதி எடுத்த பத்துப் பக்கம். நேராக மணிவண்ணனிடம் வந்தார்.

"சார், எம் பொண்ணு கொரிந்துன்னு எழுதியிருக்கு. நீங்க தப்புன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார், அது வந்து..."

"நாப்பது கப்பல் சார்! கொரிந்து நாப்பது கப்பல் அனுப்பிச்சிருக்கு. பிளாட்டியாவுக்கு அஞ்சாயிரம் பேர். அவங்கல்லாம் சும்மா வேடிக்கை பாக்கவா வந்தாங்க? ரெண்டு ஊரு சேந்து எதிர்த்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம். அப்ப மூணாவது ஊரு என்ன பாவம் பண்ணுச்சு? நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

நோட்டீஸ் வந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் பேர் வரும்.

"வேணாம் சார், வேணாம். கொரிந்துக்கும் போட்டுடலாம்."

போட்டார்கள். இரண்டு கிளையிலும் எல்லா விடைத்தாள்களையும் மறுபடி பிரித்து, ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். சாயங்காலம் ஜோதி டீச்சர் கடைசிக் கட்டைக் கட்டிவிட்டு மெல்ல மணிவண்ணன் பக்கம் குனிந்தார்.

"சார், இப்ப ரெண்டு பிராஞ்சுலயும் சேத்து அந்தக் கேள்விக்கு மார்க் வாங்காதது ஒரே ஒரு பையன்தான்."

"யாரு?"

"தீப்ஸ்னு எழுதியிருக்கான். பெரிய சாரோட பேரன்."

பெரிய சார் என்றால் தாளாளர் ராசாங்கம். இரண்டு பள்ளிக்கும் அவர்தான் எல்லாம். அதிகம் பேச மாட்டார். போன வருஷம் ஆண்டு விழாப் பலகையில் ஓர் எழுத்தின் கொம்பு விட்டுப்போனதற்காக ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டு, "நாளைலேர்ந்து வர வேணாம்" என்று மூன்றே சொல்லில் முடித்தவர். மணிவண்ணனின் மகள் இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. மனைவி மேகலா இதே பள்ளி வேனில் ஏறித்தான் தன் வேலைக்குப் போகிறாள். சோளக்காட்டில் கூலிக்குப் போன வீட்டில் பிறந்து, பி.எட். முடித்து, பதினாறு வருஷமாக இந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு நாற்காலியை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் அழைப்பு வந்தது. அரியலூர்த் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் பஸ்ஸை உரசிக்கொண்டு போயின. அவற்றில் ஒன்று இந்தப் பஸ்ஸை மெல்ல ஒரு தட்டுத் தட்டினால்கூடத் தேவலை, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. அரியலூர்ப் பள்ளி வாசலில் நின்றிருந்த வேனின் மேல் படிந்த வெள்ளைத் தூசியில் யாரோ விரலால் 'ஸ்பார்ட்டா வாழ்க' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே, 'கப்பல் இல்லாத பசங்க' என்று வேறு கையெழுத்து. இரண்டு கிளைப் பிள்ளைகளும் கபடிப் போட்டிக்காகச் சந்தித்தபோது நடந்த வேலை.

ராசாங்கம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எம் பேரன் தீப்ஸ்னு எழுதியிருக்கான்."

"ஆமாங்க சார்."

"தீப்ஸ் என்ன பண்ணுச்சு?"

"அது வந்துங்க சார்... மொதல்ல கொஞ்சம் பேர அனுப்பிச்சுது. அப்பறம்... பாரசீகரோட சேந்துக்கிச்சு."



"அப்ப எம் பேரன் எழுதினது?"

"கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சுங்க சார்."

ராசாங்கம் மேசை மேலிருந்த கேள்வித்தாளை விரலால் தட்டினார்.

"இருவத்தஞ்சு வருசமா ஸ்கூல் நடத்துறேன். இப்படி ஒரு காரியத்த இதுவரைக்கும் யாரும் பண்ணதில்ல. இத எழுதின ஆளு எம் முன்னாடி வந்து நிக்கணும். நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"நானுங்களா சார்?"

"ரெண்டு பக்கமும் சாயாம பேசின ஒரே ஆளு நீங்கதானாம். மூணு நாள். போங்க."

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னையே தேடிப் பிடித்துத் தானே ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் அவகாசம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த கேள்வித்தாளின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். பதற்றத்தில் உரசியதில் ஆறு தீக்குச்சி வீணாயிற்று. ஏழாவது குச்சி பற்றியபோது பின்னால் மேகலா நின்றாள்.

"என்னத்தங்க கொளுத்துறீங்க?"

"ஒண்ணுமில்ல. பழைய பேப்பரு."

"பழைய பேப்பருன்னா கடக்காரன் எடுத்துக்குவான்ல? பீரோவுல எம் பொடவைக்கு அடியில வச்சிருந்ததுதானே இது? யாரு எழுதின லெட்டரு?"

"லெட்டரெல்லாம் இல்ல மேகலா."

"அப்பறம் ஏன் இப்படி வேர்க்குது?"

பாதி எரிந்த தாளை அவள் பிடுங்கிப் பார்த்தாள். 'ஏதென்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது.

"யாரு இந்த ஏதென்ஸு?" என்றாள்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் அவள் முகத்திலும் பயம் ஏறிவிட்டது. மிச்சத் தாளை அவளே கொளுத்தி, சாம்பலைச் செடிக்குப் போட்டு, மேலே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினாள்.

அடுத்த நாள் தேர்வுப் பிரிவில் முன்பு வேலை பார்த்த அருள்முருகனுக்குப் போன் செய்தார். கேள்வித்தாள்களை வாங்கி அச்சுக்குக் கொடுத்தவர் அவர்தான்; போன மாதம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருக்கு மட்டும் நினைவிருந்தால் எல்லாம் முடிந்தது. மணிவண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாலஞ்சு பேருகிட்ட எழுதி வாங்கினேன் சார். அவசரத்துல மேல இருந்தத எடுத்துக் குடுத்துட்டேன். யாரோடதுன்னு இப்ப எனக்கே ஞாபகமில்ல."

மணிவண்ணன் போனுக்கே ஒரு கும்பிடு போட்டார். 'எழுதியவரைக் கண்டறிய இயலவில்லை' என்று ஒரு பக்க அறிக்கை எழுதி அனுப்பினார். பத்து நிமிடத்தில் ராசாங்கத்தின் குரல் வந்தது.

"ரிப்போர்ட்ல பேரே காணோம்?"

"விசாரிச்சதுல வந்துங்க சார்..."

"ஒரு பேரு. சாயங்காலத்துக்குள்ள."

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆனபோது அவருடைய பேனா, அவர் அனுமதி கேட்காமலே, 'அரியலூர்க் கிளை ஆசிரியை வெற்றிச்செல்வி எழுதியிருக்கலாம் எனத் தோன்றுகிறது' என்று எழுதியது. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் "சார், சார்" என்று முதலில் அவரைத்தான் கேட்பாள். படுத்த படுக்கையாய் இருக்கும் அவள் அப்பாவுக்கு அவள் ஒருத்திதான். மணிவண்ணன் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மேகலாவோடு சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்குப் போனார். கூட்டத்தில் நசுங்கி, சன்னிதிக்கு எதிரே நின்று, என்ன வேண்டுவது என்று தெரியாமல் விழித்தார். தன்னைக் காப்பாற்று என்றால் அந்தப் பெண் போய்விடுவாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்று என்றால் தான் போக வேண்டும்.

"என்னங்க வேண்டிக்கிட்டீங்க?" என்று மேகலா வெளியே வந்து கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டல. சும்மா பாத்துட்டு வந்துட்டேன். அம்மாவும் என்னைய ஒரு மாதிரியாத்தான் பாத்தா."

சனிக்கிழமை காலை அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார். பள்ளிக் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு செய்திகள் குவிந்திருந்தன. திறக்கத் தைரியம் வரவில்லை. அதற்கு மேலே, தனியாக, வெற்றிச்செல்வி அனுப்பியது ஒன்று:

'சார், பெரிய சார் இன்னைக்கு ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. ரிப்போர்ட்ல எம் பேர நீங்கதான் எழுதினீங்களாமே. கை காலெல்லாம் ஒதறுது. ராத்திரி பூரா அப்பா அழுதுகிட்டே இருந்தாரு. நீங்க பண்ணத நான் உயிரோட இருக்குற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்.'

மணிவண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேகலா அதை வாங்கிப் படித்தாள். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"போயி உள்ளத சொல்லிட்டு வாங்க. வேலை போனா பாத்துக்கலாம். இத வச்சுக்கிட்டு நம்மளால வூட்டுல சோறு திங்க முடியாது."

அரியலூருக்கு அந்த முப்பது கிலோமீட்டரும் அவர் நின்றுகொண்டே போனார். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒன்பதரைக்குத் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்தார். அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டர் இருசம்மாள், "உள்ள ஆளு இருக்கு சார், இருங்க" என்றாள். கதவின் கண்ணாடி வழியே தெரிந்தது. வெற்றிச்செல்வி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீதாம்மா எழுதினே?" என்று ராசாங்கத்தின் குரல்.

"ஆ... ஆமாங்க சார்."

"பின்னாடி மாத்திப் பேச மாட்டியே?"

"மாட்டேங்க சார்."

மிரட்டி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்கள்! மணிவண்ணன் வாழ்க்கையில் முதல் முறையாக, அனுமதி கேட்காமல் ஒரு கதவைத் தள்ளித் திறந்தார்.

"சார்! இவங்க எழுதல. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அத எழுதினது நான்தான்!"

ராசாங்கம் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களுமா மணிவண்ணன்?"

"நான் மட்டும்தாங்க சார்."

"இவங்க பேர ரிப்போர்ட்ல எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"இப்ப இவங்க இல்லேங்கிறது?"

"அதுவும் நான்தாங்க."

"எழுதின காப்பி இருக்கா?"

"கொளுத்திட்டேங்க சார். பயத்துல."

"கொளுத்திட்டீங்க." ராசாங்கம் வெற்றிச்செல்வியைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை மணிவண்ணன் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். "இந்த வயசுல, சின்னப் பொண்ணு ஒண்ணுக்கு எதிர்ல நின்னு இப்படிப் பேச ஒங்களுக்குக் கூசல? பதினாறு வருசம் வேலை பாத்தீங்களேன்னு விடுறேன். திங்கக்கெழம வழக்கம்போல கிளாசுக்குப் போங்க. இப்ப எதுவும் பேசாம வெளிய போயிடுங்க."

"சார், நீங்க போயி இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனச்சே பாக்கல," என்றாள் வெற்றிச்செல்வி, குரல் உடைந்து.

"இருக்கட்டும்மா. என் கடமை," என்றார் மணிவண்ணன்.

வெளியே வந்தபோது உடம்பில் காய்ச்சல் விட்டது போல இருந்தது. வேலை போகவில்லை. உண்மையையும் சொல்லியாயிற்று. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார், கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

இருசம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். பாவமாகப் பார்த்தாள்.

"அழுவாதீங்க சார், அந்தக் கேள்வியாலதான் பசங்க முட்டிமோதிப் பாடத்தப் படிக்குதுங்க, எழுதினவங்களத்தான் ஜெயங்கொண்டத்துல தொறக்குற புது ஸ்கூலுக்கு ஹெச்.எம். ஆக்கப்போறேன்னு நேத்து மீட்டிங்ல பெரிய சார் சொன்னாரு பாருங்க, அப்பப் புடிச்சு 'நான்தான் எழுதினேன்'னு வந்து நின்னவங்கள்ல நீங்க ஒம்போதாவது ஆளு."